பழைய உடைகளை அன்றாடம் உடுத்துவது சிக்கனமா, ஆசையா?

தாழம்பூ:
உள்ளாடையும் காலுறையும் தவிர என் அலமாரியில் இருப்பவை எல்லாம் பிறர் உடுத்திக் கழித்தவை. சில என்னைவிட வயதில் மூத்தவை. வேலைக்கும் அவைதான், காய்கறி வாங்கப் போகவும் அவைதான். "விண்டேஜ் என்று சொல்லும் பழைய காலத்து உடை வசதியானவர்களின் விளையாட்டு. அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டாதீர்கள்" என்று போன வாரம் வேறொரு திரியில் கணக்குப்பிள்ளை எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு திசையில் போய்விட்டதால் இங்கே பதில் சொல்கிறேன்.

பழைய உடையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். இப்போது என் மடியில் கிடப்பது சாம்பல் நிறக் கம்பளிப் பாவாடை. பக்கத் தையல்களில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருக்கிறார்கள். கீழ் மடிப்பில் நான்கு விரல். இடுப்புப் பட்டியை ஒட்டிப் பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. முன்பு உடுத்தியவர் ஒருமுறை பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார். இன்னொரு முறை பிரிக்கவும் துணி மீதம் இருக்கிறது. இப்போது கடையில் தொங்கும் மலிவுப் பாவாடையைப் புரட்டிப் பாருங்கள். ஓவர்லாக் விளிம்பு, அதாவது நூல் பிரியாமலிருக்க இயந்திரம் பின்னும் ஓரம், தையலை ஒட்டியே முடிந்துவிடும். உடம்பு கொஞ்சம் மாறினால் பாவாடை குப்பைக்குத்தான்.

அது மட்டுமல்ல. சுருங்க வேண்டியது சுருங்கியாயிற்று, சாயம் போக வேண்டியது போயாயிற்று. பழைய துணி தேர்வு எழுதித் தேறியபிறகுதான் என்னிடம் வருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று உடைக்குப் பங்கீடு வந்தது. முதல் ஆண்டில் வயதுவந்தோருக்கு 66 கூப்பன்கள். ஒரு கம்பளிக் கவுன் வாங்கினாலே 11 கூப்பன் போய்விடும். 1943இல் இருப்பதைத் தைத்துச் சமாளிக்கும் வழிகளை அரசே கையேடாக வெளியிட்டது. வீட்டு ஆண்களின் கோட்டைப் பிரித்துப் பெண்கள் தங்களுக்குத் தைத்துக்கொண்டார்கள். அதுவும் வசதியானவர்களின் விளையாட்டுதானா?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் காட்டிய உதாரணமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது, அம்மா. பங்கீட்டுக் காலத்துப் பெண்மணி வீட்டில் கிடந்த கோட்டைப் பிரித்தார். அவர் கடை கடையாக ஏறி வேறொருவர் கோட்டை வாங்கவில்லை. சிக்கனம் என்றால் இருப்பதை வைத்து ஓட்டுவது. வாங்குவது பழையதாக இருந்தாலும் வாங்குவது வாங்குவதுதான்.

அடுத்து, "அந்தக் காலத்துத் தையல் உறுதி" என்ற பல்லவி. அந்தக் காலத்தில் மட்டமாகத் தைத்ததெல்லாம் அப்போதே கந்தலாகித் தரை துடைத்து முடிந்துவிட்டது. நல்லவையும், யாரும் உடுத்தாமல் பெட்டியில் கிடந்தவையும்தான் இன்று உங்கள் கைக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு காலத்தையே மெச்சுவது கணக்கு அல்ல. மேலும் 1970களில் பாலியஸ்டர் கொடிகட்டிப் பறந்தது. விண்டேஜ் என்றாலே பருத்தியும் கம்பளியும் பட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்துச் சட்டை ஒன்றை வெயிலில் உடுத்திப் பார்க்கட்டும்.

தாழம்பூ:
மட்டமானது அழிந்து நல்லது மிஞ்சியது என்கிறீர்கள். மெத்தச் சரி. மிஞ்சியதைத்தானே நான் வாங்குகிறேன்? அந்தக் காலத்துச் சராசரிப் பாவாடை எப்படி இருந்தது என்பதைப் பற்றி எனக்கு என்ன கவலை? புதிய கடையில் பொறுக்கும் வேலையை நான் செய்ய வேண்டும். இங்கே பாதி வேலையைக் காலம் செய்து வைத்திருக்கிறது.

பாலியஸ்டர் பற்றிச் சொன்னது உண்மை. நான் தொடுவதில்லை.

வெள்ளைக்காகம்:
நீங்கள் இருவரும் தத்துவம் பேசுகிறீர்கள். எனக்கு எளிய கேள்வி ஒன்று. முன்பின் தெரியாதவர் உடுத்திய துணியை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். மூட்டைப்பூச்சி, பூஞ்சை, அக்குளில் ஊறிய வியர்வை நாற்றம், இவற்றுக்கு என்ன பதில்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள், தெரியும். அது சொந்தக் கந்தைக்குச் சொன்னது.

ஊசிக்கண்:
தையல் தொழிலில் இருப்பவன். பழைய உடைகளைத் திருத்தித் தருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வெள்ளைக்காகத்துக்கு முதலில் பதில்.

மூட்டைப்பூச்சி சூட்டுக்குத் தாங்காது. 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலோ, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினாலோ முட்டை உட்பட ஒழிந்துவிடும். ஆனால் கம்பளிக்கும் பட்டுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அவற்றில் வேறு ஆபத்து, அந்துப்பூச்சி. அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. விலங்கு முடியிலும் பட்டிலும் உள்ள புரதம்தான் அதற்கு இரை. பஞ்சுத் துணியை அது பெரும்பாலும் சீண்டாது, உணவுக் கறையோ வியர்வையோ படிந்திருந்தால் ஒழிய. கம்பளியையும் பட்டையும் காற்றுப் புகாத பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள், துணியில் ஈரம் பூத்துவிடும். பூஞ்சை துணியைத் தின்று கரும்புள்ளியாகப் பதிந்திருந்தால் நான் அந்த உடையைத் தொடுவதே இல்லை.

புதிய துணி மட்டும் சுத்தமானது என்று எண்ண வேண்டாம். கசங்காத சட்டை என்று விற்பவற்றில் பல ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் சேர்ந்த பிசினால் பதப்படுத்தப்பட்டவை. அதையும் துவைத்துத்தான் உடுத்த வேண்டும்.

இப்போது தாழம்பூவுக்கு. நீங்கள் நல்லதை மட்டும் சொல்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவருவதில் பாதியை நான் திருப்பி அனுப்புகிறேன். பட்டு உடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பில் ஊறவைப்பது வழக்கம். கனமாக, மினுமினுப்பாக விழும். ஆனால் அந்த உப்பே நாளடைவில் இழையை அரித்துவிடும். மடிப்பு மடிப்பாகக் கீறல் விட்டு, தொட்டால் தூளாகும். அதை உலகத்தில் எந்த ஊசியும் காப்பாற்றாது. பழைய எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மொரமொரவென்று சத்தம் கேட்டால் அது செத்துவிட்டது, ஆனால் மாற்றிவிடலாம். அக்குள் துணி இற்றுப்போயிருந்தால் ஒட்டுப் போட்டாலும் ஒட்டைச் சுற்றிக் கிழியும். இடுப்பு, நீளம், கை நீளம் எல்லாம் எளிய வேலை. கோட்டின் தோள்பட்டை சேரவில்லை என்றால் கையை முழுதாகப் பிரித்து, உள்துணியைப் பிரித்து, பஞ்சுப்பட்டையை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு கோட்டே வாங்கிவிடலாம். "விலை மலிவாக இருந்தது, எடுத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தோள் சேராத கோட்டோடுதான் வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டார். வாங்கிய விலை, திருத்தக் கூலி, உலர்சலவை, தேடிய நேரம் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை தடவை உடுத்தினீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள். பலருடைய "மலிவான" கோட்டு அலமாரியிலேயே விலை உயர்ந்த உருப்படியாகத் தேறும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. புதியது வாங்க வக்கிருப்பவர்கள் பழைய துணிக் கடைக்குள் புகுந்து நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போனால், வேறு வழியே இல்லாமல் அங்கே வருகிறவருக்கு என்ன மிஞ்சும்? பொறுக்கியதை இணையத்தில் இரு மடங்குக்கு விற்பவர்களைப் பற்றி நான் பேசவே வேண்டாம்.

நடைபாதை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய துணிக்கு உலகத்தில் பஞ்சம் என்பது போலப் பேசுகிறீர்கள். நிலைமை நேர்மாறு. 2000க்கும் 2015க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை கணக்கிட்டது. ஆடைக்குப் போகும் மூலப்பொருளில் மறுசுழற்சியாகி மீண்டும் ஆடையாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நன்கொடையாகப் போட்டதில் கடையில் விற்காதது சிப்பமாகக் கட்டப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. கானாவின் அக்ராவில் உள்ள கன்டமாண்டோ சந்தை அப்படிப்பட்ட சிப்பங்களால் நடப்பதுதான். பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கிய வியாபாரிக்கே தெரியாது. கிழிசலும் கறையுமாக இருந்தால் நட்டம் அவர் தலையில். விற்காதது குப்பைமேட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தன. ருவாண்டா வரியை உயர்த்தியது. பதிலுக்கு அமெரிக்கா 2018இல் அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை நிறுத்தி வைத்தது. தன் கழிவைத் தள்ள இடம் கேட்டு அடம்பிடிக்கும் அளவுக்குத் துணி பெருகிக் கிடக்கிறது. தாழம்பூ ஒரு பாவாடை எடுத்ததால் யார் வயிற்றிலும் அடி விழவில்லை.

கணக்குப்பிள்ளை:
துணி மலை மலையாக இருக்கலாம். குளிர்தாங்கும் நல்ல கோட்டு, பெரிய அளவு உடை, பிள்ளைகளின் காலணி, இவை மலையாக இருக்கின்றனவா? மொத்தக் கணக்கை வைத்துத் தட்டுப்பாட்டை மறைக்கிறீர்கள். பெரிய அளவுச் சட்டையை ஆசைக்கு வாங்கி, வெட்டிச் சிறிதாக்கிப் படம் போடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த அளவுதான் சேரும் என்றிருப்பவர் வெறுங்கையோடு திரும்புவார்.

நடைபாதை:
பெரிய அளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மற்றதை அல்ல.

தாழம்பூ:
நானும் ஏற்கிறேன். வெட்டிச் சிறிதாக்க நான் எதையும் வாங்குவதில்லை. ஒரு கோட்டு உடம்பில் இருக்கும்போது இரண்டாவது கோட்டைத் தொடுவதில்லை. வாங்கியதை விற்பதும் இல்லை.

ஊசிக்கண் ஐயா, தோள்பட்டை பற்றிச் சொன்னீர்களே, அதை ஒவ்வொரு பழைய துணிக் கடை வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும். பட்டு பற்றிய எச்சரிக்கைக்கும் நன்றி. ஆனால் அன்றாடம் உடுத்துகிறவர் யாரும் நூறு ஆண்டுப் பட்டைத் தேடிப் போகமாட்டார். அது சேகரிப்பவர்களின் கவலை. எங்களுக்கு வேண்டியது இருபது, முப்பது ஆண்டுப் பருத்திச் சட்டையும் கம்பளிப் பாவாடையும்தான்.

வெள்ளைக்காகம்:
உறைபெட்டி வைத்தியத்தைச் செய்து பார்க்கிறேன். ஆனால் காலையில் பஸ்ஸில் ஏறும்போது பழைய புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர் போல் இருக்காதா? என்ன வேடம் இது என்று கேட்கமாட்டார்களா?

தாழம்பூ:
தலை முதல் கால் வரை ஒரே காலத்து உடையாக உடுத்தினால் வேடம்தான். பழைய பாவாடைக்கு மேலே சாதாரணச் சட்டை போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துணி நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
நேராக ஒரு கேள்வி. உங்கள் அலமாரியில் உடுத்தாமலே தொங்குவது ஏதாவது உண்டா?

தாழம்பூ:
உண்டு. கழுத்தைச் சுற்றி மணி கோத்த கறுப்பு ஜாக்கெட் ஒன்று. அதை எங்கும் உடுத்திக்கொண்டு போக முடியாது. அழகுக்காக வாங்கினேன். அதைச் சிக்கனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், ஆசை என்றே எழுதிக்கொள்ளுங்கள். பாவாடைக் கணக்கை அந்த ஜாக்கெட்டை வைத்துத் தீர்ப்பது நியாயமில்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் திரியின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு இரண்டும் என்பது பதில். பாவாடையை விட்டுத் தருகிறேன். ஆனால் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே மறுக்கிறீர்கள். மடிப்புப் பிரித்து, ஊசிபோட்டு, பொத்தான் மாற்றி உட்கார்ந்திருக்கும் மாலைப்பொழுதுக்கு ஒரு விலை இல்லையா?

தாழம்பூ:
அந்த மாலைப்பொழுதை யார் காசு கொடுத்து வாங்கக் காத்திருக்கிறார்கள், சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு என் நேரத்துக்குக் கூலி தருபவர் ஒருவரும் இல்லை. வானொலியைக் கேட்டுக்கொண்டே காஜா பிரிந்ததைத் தைக்கிறேன். தைக்காவிட்டால் வானொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊசிக்கண்:
அவர் சொல்வது அவருக்குச் சரி. ஊசி பிடிக்கத் தெரியாதவருக்கு என் கூலி செலவுக் கணக்கில்தான் வரும். அவர்களுக்குக் கணக்குப்பிள்ளையின் வகுத்தல்தான் சரி. எடுக்கும் முன்பே தோளையும் அக்குளையும் பார்த்துவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வானொலி வாதத்தை நான் ஏற்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.