மாலை ஏழுக்கு மேல் ஆர்டிகே ஃபிக்ஸ் நிற்கவில்லை: ரேடியோவை மாற்றணுமா?

ரோவர்குச்சி:
வள்ளியூர்–திசையன்விளை பக்கம் சாலை சர்வே, ஆர்டிகேயில் (செயற்கைக்கோள் சிக்னலை உடனுக்குடன் திருத்தி செ.மீ. துல்லியத்தில் இடம் காணும் முறை). பகலில் லாரிகள் விடாது என்பதால் மாலை 5 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறோம். பேஸ் (ஒரே இடத்தில் நின்று திருத்தம் அனுப்பும் ரிசீவர்) ஒரு மொட்டை மாடியில், ரோவர் (குச்சியில் வைத்து நாங்கள் கொண்டுபோகும் ரிசீவர்) அதிகபட்சம் 6 கி.மீ. தள்ளி. திருத்தம் 9600 பாடு (நொடிக்கு 9600 பிட்) ரேடியோவில் வருகிறது. ஏழு தாண்டினால் செ.மீ. துல்லியம் தரும் ஃபிக்ஸ் போய் துல்லியம் குறைந்த ஃப்ளோட், திரும்ப ஃபிக்ஸ், மறுபடி ஃப்ளோட். நேற்று ஒரே பாலத்துக் கல்லில் இரண்டு முறை வைத்தேன், உயரம் 18 செ.மீ. வித்தியாசம். குச்சி நேராக நிற்பதைக் காட்டும் பபிள் நடுவில்தான் இருந்தது, சத்தியமாக. திருத்தத்தின் ஏஜ் (வந்து சேரும்போது அது எவ்வளவு பழையது என்பது) பகலிலேயே 4, 5 நொடி காட்டுகிறது. புது ரேடியோ வாங்கச் சொல்கிறார் விற்றவர்.

பழையசங்கிலி:
விற்றவர் வேறென்ன சொல்வார் தம்பி! பேஸ் எந்த மெசேஜ் அனுப்புகிறது?

ரோவர்குச்சி:
எம்எஸ்எம்7 அண்ணே, எல்லா விவரமும் அடங்கிய பெரிய மெசேஜ். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளும், மூன்று அலைவரிசையில், நொடிக்கு ஒரு தடவை.

பழையசங்கிலி:
ஏஜ் ஏறுவது அதனால்தான். 9600 பாடில் நொடிக்கு ஆயிரம் பைட் போனாலே பெரிது. நீங்கள் அதற்கு மேல் திணிக்கிறீர்கள். அதைவிடச் சிறிய எம்எஸ்எம்4-க்கு மாற்றுங்கள். டாப்ளரும் (சிக்னலின் அலைவெண் மாற்ற அளவு) கடைசி இலக்கங்களும்தான் குறையும், உங்கள் வேலைக்கு அவை வேண்டாம். பேஸின் ஆயத்தொலைவு சொல்லும் 1005 மெசேஜை 10 நொடிக்கு ஒருமுறை விட்டால் போதும்.

மாலைச் சங்கதி வேறு. நீங்கள் நிற்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் (வானில் உயரே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு) அடியிலிருந்து, துகள்கள் குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றின் ஊடாக வரும் சிக்னல் நட்சத்திரம் போல மினுங்கும், ரிசீவர் பிடியை விட்டுவிடும். மார்ச், செப்டம்பரை ஒட்டி ரொம்ப மோசம். பேஸும் ரோவரும் ஒரே வானத்தைப் பார்த்தால்தானே திருத்தம் பலிக்கும்? குமிழி வந்தால் 6 கி.மீ.க்குள்ளேயே இரண்டும் வேறு வானம்.

காணிநிலம்:
ககன் (செயற்கைக்கோள் வழியாகவே ஜிபிஎஸ் திருத்தம் தரும் இந்திய அமைப்பு) ஆன் செய்தால் போதாதா?

பழையசங்கிலி:
அது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானத்துக்காகச் செய்தது சார். துல்லியம் மீட்டர் கணக்கு. பாலத்துக் கல்லுக்கு ஆகாது.

ரோவர்குச்சி:
எம்எஸ்எம்4 போட்டாச்சு, ஏஜ் 1 நொடி. ஆனால் நேற்றும் 7.40-க்கு ஃபிக்ஸ் உடைந்தது. அதனால் இன்று விடிகாலை 5.30-க்கே இறங்கிவிட்டோம். அதே கல்லில் மூன்று முறை வைத்தேன், உயரம் 1.5 செ.மீ.க்குள். ஆட்களுக்குத்தான் கோபம், டீக்கடை இன்னும் திறக்கவில்லையாம்.