சைதாப்பேட்டையிலேருந்து கோ 51 வரை

கவிதா: பெரியப்பா, சிறப்பு மலருக்குக் கட்டுரை எழுதுறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கினது ஒரு இடத்துல 1868, இன்னொரு இடத்துல 1971-னு இருக்கு. எதைப் போடுறது?

பெரியப்பா: ரெண்டையும் போடும்மா. 1868-ல சென்னை சைதாப்பேட்டையில விவசாயப் பள்ளி. 1906-ல கோயமுத்தூருக்கு மாத்தினாங்க. 1920-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சுது. தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1971 ஜூன் 1.

சுமதி சித்தி: 1912-ஐ விட்டுடாத கவி. நெல் ஆராய்ச்சி நிலையம் கோயமுத்தூர்ல வந்தது அப்பதான். அங்கேருந்து 1921-ல வந்த நெல் ரகம் ஜி.இ.பி. 24. கோணாமணி ரகத்துல தானா மாறி நின்ன செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினது, அரிசி நல்ல சன்னம்.

கவிதா: கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் 1912-தானே சித்தி?

சுமதி சித்தி: ஆமா, ஆனா அது மத்திய அரசு நிறுவனம். பல்கலைக்கழகக் கணக்குல சேர்க்காத, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

பெரியப்பா: ஜி.இ.பி. 24-ஓட வாரிசுகளைக் கட்டாயம் எழுது. ஜப்பான் ரகம் நோரின் 10-ஓட சேர்த்து ஆடுதுறை 27. கோ 18-ஓட சேர்த்து டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் ஐ.ஆர். 20 ரகத்துக்குப் பெத்தவங்கள்ல ஒண்ணாச்சு. பல்கலைக்கழகம் பிறக்குறதுக்கு முன்னாடியே செஞ்ச வேலை இது. எனக்கு இதுதான் பெரிய பெருமை.

முருகு மாமா: ஆடுதுறை 27 குறுவைப் பருவத்துக்கு வந்தப்ப மகசூல் கூடுச்சு, ஆனா அறுப்பு மழையில மாட்டிக்கும். ஈர நெல்லைக் காயவைக்க களம் பத்தாது. அதையும் எழுதட்டும்.

மணி அண்ணன்: சித்தி, இப்ப குறுவைக்குக் கோ 51 நெல் ரகம் எடுக்கலாமா?

சுமதி சித்தி: தாராளமா எடு மணி. ஆடுதுறை 43 வழியில வந்தது, 2013 வெளியீடு, 105-110 நாள். மூட்டையில அட்டை நிறம் பாரு: சான்று விதையைப் பெருக்குற ஆதார விதைக்கு வெள்ளை, நாம விதைக்கிற சான்று விதைக்கு நீலம். ஏக்கருக்கு 24 கிலோ, நாற்றங்கால் 8 சென்ட்.

மணி அண்ணன்: பதர் பிரிக்க உப்புத் தண்ணியா?

சுமதி சித்தி: 10 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. புது முட்டை மிதந்தா பதம் சரி. மிதக்குற விதையை அரிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை கழுவு. உப்பு ஒட்டிட்டு இருந்தா முளைப்பு கெடும். அப்புறம் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், நோயைத் தடுக்குற நல்ல பாக்டீரியாப் பொடி.

முருகு மாமா: நாத்து வயசைச் சொல்லு சுமதி, அங்கதான் கோட்டை விடுறாங்க.

சுமதி சித்தி: 18-லேருந்து 22 நாளுக்குள்ள பறிச்சு நட்டுடணும். தண்ணி வரலேன்னு 30 நாள் விட்டா, தூர் கட்ட, அதாவது பக்கத்துல கிளைக்க வேண்டிய நாள் நாற்றங்கால்லயே போயிடும். நட்டதும் ஒண்ணு ரெண்டு தூரோட கதிர் தள்ளிடும். அதுக்கு மேல யூரியா போட்டும் பிரயோஜனமில்ல. தண்ணி எப்ப வரும்னு தெரிஞ்சுட்டு விதை ஊறப்போடு.