நர்சரியில் கொடுத்தது உண்மையான குண்டுமல்லிதானா? வாசத்தைச் சோதித்தால் தெரியுமா?

நிலக்கோட்டை மல்லி:
அரை ஏக்கரில் மல்லி இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு நர்சரியில் ராமநாதபுரம் குண்டுமல்லி என்று சொன்னதை நம்பி 300 பதியன் வாங்கி நட்டேன். இப்போது பூக்கிறது. ஆனால் அப்பா வைத்த பழைய செடியின் மொட்டோடு சேர்த்துப் பார்த்தால் இது கொஞ்சம் ஒல்லி, வாசமும் என்னமோ மாதிரி. அம்மா முகர்ந்துவிட்டு "இது நம்ம பூ இல்லடா" என்று சொல்லிவிட்டார். நர்சரிக்காரரோ "மண்ணு மாறினா வாசம் மாறும்ணே" என்கிறார். வாசத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் என்று ஒரு மெஷின் இருக்கிறதாமே, அதில் ஒரு ரிப்போர்ட் எடுத்து அவர் முன்னால் போட்டால் செல்லுமா?

பஞ்சுமூக்கு:
சார், நான் ஆய்வகத்தில் அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன். பூவை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, முடி கனத்தில் இருக்கும் பூச்சு தடவிய ஒரு இழையை உள்ளே விட்டு வைப்போம். பூ விடுகிற வாசம் அந்த இழையில் ஏறும். அதை மெஷினின் சூடான வாயில் நுழைத்தால் எல்லாம் கழன்று, 30 மீட்டர் நீளக் குழாய்க்குள் ஓடி, ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். மல்லியில் லினலூல், பென்சைல் அசிடேட், ஆல்ஃபா ஃபார்னசீன், இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற வாசப் பொருள்கள் எல்லாம் வரும். கடைசியில் சொன்னது திராட்சை சோடா வாசம். இண்டோலைத் தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை மாதிரி குமட்டும், ஆனால் அது இல்லாவிட்டால் மல்லி மல்லியாக இருக்காது.

மல்லியையும் பிச்சியையும் பிரிக்க இது நன்றாக உதவும், பிச்சியில் சிஸ் ஜாஸ்மோன், பென்சைல் பென்சோயேட் போன்றவை எடுத்துக் காட்டும். ஆனால் அந்த இரண்டையும் பிரிக்க மெஷினா வேண்டும், கண்ணே போதும். உங்கள் கேள்வி ஒரே இனத்துக்குள் இரண்டு ரகம் பற்றியது. அங்கே பெயர்ப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான், அளவு விகிதம்தான் மாறும், அந்த விகிதமோ வேறு பல காரணங்களாலும் மாறும்.

ஆறு மணி மொட்டு:
தம்பி, எத்தனை மணிக்குப் பறித்த பூ அது? அதைச் சொல்லாமல் வாசத்தைப் பற்றிப் பேசவே கூடாது. விடியக்காலையில் பறிக்கிற மொட்டுக்கு வாசமே கிடையாது, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வாய் விரியும்போதுதான் கொட்டும். காலையில் மலர்ந்து கிடக்கிற பூ பாதி செத்த பூ. அதோடு இளஞ்செடிக்கு முதல் வருடத்தில் மொட்டு சிறுத்துத்தான் இருக்கும், நர்சரிக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் அதையும் யோசியுங்கள்.

பஞ்சுமூக்கு:
அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. நாங்களும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தோம். பையில் அமுங்கி வந்த பூவைப் போட்டு ஓட்டினால் புல் வெட்டின வாசத்துச் சமாச்சாரம் மெஷின் வரைகிற கோட்டில் பெரிய முகடாக வந்து நின்றது. காயம்பட்ட இதழ் விடுகிற வாசம் அது. புது ரகம் என்று நினைத்துக் குதித்ததுதான் மிச்சம். பழைய செடிப் பூவையும் புதுச் செடிப் பூவையும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே எண்ணிக்கையில், மூன்று நான்கு தடவையாவது ஓட்டினால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு.

வேர்விட்ட குச்சி:
இதற்கு ஏன் வாசத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்? மல்லி குச்சியில் இருந்து வருவது, விதையில் இருந்து அல்ல. அப்பா வைத்தது அசல் குண்டுமல்லி என்றால், அதே ரகத்தின் பதியனும் டிஎன்ஏவில் அதைப் போலவே இருக்க வேண்டும். இரண்டு செடியின் இளம் இலையையும் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். டிஎன்ஏவுக்குக் காலை மாலை கிடையாது, மண் வித்தியாசமும் கிடையாது. இன்னொன்று, 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்குக் கன்று போவது ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்துதான். அந்தக் கன்றுதான் மதுரை மண்ணில் மதுரை மல்லி ஆகிறது, அதனால் மண்ணால் வாசம் மாறும் என்பது பொய் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு செடியும் ஒரே மண்ணில்தானே நிற்கிறது? அவர் சொல்கிற சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பஞ்சுமூக்கு:
காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்று டம்ளர், இரண்டில் ஒரு பூ, ஒன்றில் மற்றது, மேலே துணி. எது வேறு என்று அம்மா சொல்லட்டும். அடுத்தடுத்து ஐந்து முறை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 243-ல் ஒரு வாய்ப்புதான்.

நிலக்கோட்டை மல்லி:
நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். அம்மா ஐந்துக்கு ஐந்து. நான் ஐந்துக்கு இரண்டு, அதுவும் ஒன்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னது. இளஞ்செடி என்பதாலும் இருக்கலாம் என்று ஆறு மணி அண்ணன் சொன்னதை மறக்கவில்லை, அதனால் இலையை டிஎன்ஏவுக்கே அனுப்பப் போகிறேன். அம்மா ஒரு டம்ளரை இன்னும் எடுக்கவில்லை, தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.