அகழாய்வு, தங்குமிடம்: இரண்டுக்கும் நான்கெழுத்தில் ஒரே சொல்?

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஒரே கட்டத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். இடமிருந்து வலம் 17, நான்கு எழுத்து. குறிப்பு: 'அகழாய்வுகள், தங்குமிடம்'.

முதலில் 'பிட்ஸ்' எழுதினேன். மேலிருந்து கீழே வரும் 'டைகர்' மூன்றாம் எழுத்தை 'ஜி' ஆக்கிவிட்டது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோச்சு. இப்போது ஐ, ஜி, எஸ் உறுதி. முதல் எழுத்தைக் கடக்கும் சொல் பிடிபடவில்லை.

'ரிக்ஸ்' துளையிடும் எந்திரம், அகழாய்வு ஆகாது. 'டிக்ஸ்' கீழடி, ஆதிச்சநல்லூர் மாதிரி அகழாய்வுகளுக்குக் கச்சிதம். ஆனால் தங்குமிடம்? என் கையகராதியில் 'தோண்டுதல்' மட்டும்தான். பழைய ஆங்கில நாவல்களில் வாடகை அறையை 'டிக்கிங்ஸ்' என்று படித்த நினைவு.

அதன் சுருக்கம்தான் இந்த 'டிக்ஸ்' என்று எழுதிவிடலாமா?