பழைய ஜப்பான் காருக்கு ஏன் கோடிக்கணக்கில் விலை?

காட்பாடிப் பையன்: பட்டறைச் சுவரில் டொயோட்டா 2000ஜிடி படம் ஒட்டினேன். விலையைச் சொன்னதும் மேஸ்திரி சிரிக்கிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்?

சத்துவாச்சாரி மெக்கானிக்: தம்பி, 1967 முதல் 1970 வரை மொத்தமே சுமார் 350 வண்டிதான் செய்தார்கள், அதுவும் யமஹாவோடு சேர்ந்து. நிசானின் 1973 ஸ்கைலைன் ஜிடி-ஆர் இன்னும் அரிது, 197தான். அதிலும் துருப்பிடித்துப் போனவை போக மிச்சம் எத்தனை? நானாக இருந்தால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க மாட்டேன். இன்ஜின் நம்பர் ஒரிஜினலா என்றுதான் முதலில் குனிவேன். பாகம் மாற்றின வண்டிக்கு மவுசு குறைவு.

ஆற்காட்டான்: அமெரிக்காவில் 25 வருடம் ஆன வெளிநாட்டு வண்டியைத் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம். 1999-இல் வந்த ஆர்34 என்ற ஸ்கைலைன் ஜிடி-ஆர் மாடல் 2024-இல் அந்த வயதைத் தொட்டது. கிராக்கிக்கு அதுவும் ஒரு காரணம்.

காட்பாடிப் பையன்: சரி அண்ணே, மேஸ்திரியிடம் சொன்னேன். இப்போது தன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தொடவே விடமாட்டேன் என்கிறார்.