வினிகர் சோதனை வேண்டாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்

கிராமச்செவிலி
நேற்று வேறொரு இழையில் எண்ணெழுத்து எழுதியது: "கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வினிகர் தடவிப் பார்ப்பது ஏழைப் பெண்களுக்கான இரண்டாந்தர வைத்தியம். எச்பிவி சோதனை கொடுக்க முடியாவிட்டால் சும்மா இருப்பதே மேல்." எச்பிவி என்பது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கிறோம். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். திண்டுக்கல் ஆய்வில் செவிலியர்கள்தான் 31,343 பெண்களைப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 35 சதவீதம் உங்களுக்குச் சும்மாவா?

எண்ணெழுத்து
எதிர்பார்த்தேன், திண்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வை ஏன் சொல்லவில்லை? 2009-இல் வந்தது, 1,31,746 பெண்கள். ஒரே ஒரு எச்பிவி சோதனை செய்த பிரிவில் இறந்தவர்கள் 34. எதுவுமே செய்யாத பிரிவில் 64. உங்கள் வினிகர் பிரிவில் 56. 64-ஐ விடக் குறைவு போலத் தெரியும், ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம்; புள்ளியியல்படி அது குறைவே இல்லை. 56, அக்கா. திரும்பப் படியுங்கள்.

தேன்சிட்டு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கிரீனிங் என்றால் நோய் இருக்கிறது என்று முடிவு சொல்வதா, இல்லை சந்தேகப்படுவதா? இரண்டு பேரும் வேறு வேறு அர்த்தத்தில் பேசுவது போலத் தெரிகிறது.

கிராமச்செவிலி
56-ஐப் படித்தேன் தம்பி. நீங்கள் 35-ஐப் படித்தீர்களா? மும்பையில் மருத்துவப் படிப்பே இல்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாக நான்கு சுற்று பார்க்க வைத்தார்கள். அங்கேயும் சாவு 31 சதவீதம் குறைந்தது. மூன்று ஆய்வில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்களா?

பழையபேனா
அந்த 64 பேரைப் பற்றி யாராவது பேசுவீர்களா? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பிரிவுப் பெண்களுக்குச் சோதனையே செய்யாமல் விட்டார்கள். கருப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இறந்தவர்களை வைத்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் கணக்குப் போடுகிறீர்கள்.

எண்ணெழுத்து
திசை திருப்பாதீர்கள். அது நெறிமுறைக் கேள்வி, தனி இழை போடுங்கள்.

பழையபேனா
தடுப்பூசி இழையிலும் இதையேதான் சொன்னீர்கள். அங்கே என்னை "அரைகுறை" என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

எண்ணெழுத்து
அரைகுறையாக எழுதினால் அப்படித்தான் சொல்வேன். சரி, அக்காவுக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி கருப்பை வாய்க்கு உள்ளே போய்விடுகிறது. அப்போது வினிகர் தடவி என்ன பார்ப்பீர்கள்? எச்பிவிக்கு அந்தப் பெண்ணே தன் மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி இல்லை, கூச்சம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்பிவியைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது. சும்மாவா சொன்னார்கள்?

கிராமச்செவிலி
மாதிரியை எடுத்தாயிற்று. அப்புறம்? வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால், சிகிச்சைக்கு முன் யாராவது கருப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கண் என் கண்தான். வெள்ளைத் திட்டு தெரிந்தால், சிகிச்சைக்கு ஏற்றதாக இருந்தால், அன்றைக்கே வெப்பக் கருவியை வைத்து அந்தத் திட்டைச் சுட்டு அழித்து, சிகிச்சையை முடித்து அனுப்புகிறோம். "முடிவு வந்ததும் வாருங்கள்" என்று அனுப்பிய ஒரு பெண்ணை எத்தனை முறை தேடிப் போனேன் தெரியுமா? கூலி போய்விடும் என்று அவள் வரவே இல்லை. வந்தபோது ரத்தப்போக்கோடு வந்தாள். வயதைப் பற்றிச் சொன்னீர்கள். திண்டுக்கல்லில் 30 முதல் 39 வயதுப் பெண்களுக்குத்தான் பலன் அதிகம். அந்த வயதில் பிடித்தால் பிறகு எதைத் தேட வேண்டும்?

எண்ணெழுத்து
அப்படியென்றால் 50 வயதுப் பெண்ணைக் கைவிட்டாயிற்றா? ஒரு மணி நேரத்தில் எச்பிவி முடிவு தரும் கருவி வந்துவிட்டது. அதை வாங்கிக் கொடு என்று கேட்பதை விட்டுவிட்டு, பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வெள்ளைத் திட்டு என்கிறீர்களே, அழற்சி இருந்தாலும் வெள்ளையாகத் தெரியும். உங்கள் திண்டுக்கல்லிலேயே 3,088 பேருக்குச் சந்தேகம் என்று சொன்னார்கள். அத்தனை பேருக்குமா நோய்?

தேன்சிட்டு
நான் கேட்டதும் இதைத்தானே!

கிராமச்செவிலி
கருவி வரட்டும், முதல் ஆளாக நான் கற்றுக்கொள்வேன். வரும்வரை என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள். 35 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

எண்ணெழுத்து
56-க்கும் வரவில்லை.

பழையபேனா
64-க்கு யாருமே சொல்லவில்லை.

கிராமச்செவிலி
நாளை காலை முகாம் இருக்கிறது, நான் கிளம்புகிறேன். "சும்மா இருப்பதே மேல்" என்று எழுதியதை எண்ணெழுத்து அதற்குள் திரும்பப் பெறட்டும். சாயங்காலம் வந்து பார்ப்பேன்.

எண்ணெழுத்து
பெற மாட்டேன்.