போனைப் பார்த்திருந்தால் அந்தப் பையன் கத்தி எடுத்திருக்க மாட்டானா?

நடைவண்டி:
வகுப்புத் தோழனைக் கத்தியால் குத்திய பதினாறு வயதுப் பையனைப் பற்றிய இழையில் வடக்குவாசல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பெற்றவர்கள்தான் முதல் குற்றவாளிகள். தினமும் ராத்திரி அவன் போனை வாங்கிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது" என்று எழுதியிருக்கிறார். ஆளாளுக்கு ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நான் சிறார் இல்லம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். அங்கே வரும் பையன்களில் பலருடைய போனை அவர்களின் அப்பாக்கள் பார்த்திருக்கிறார்கள், பிடுங்கியிருக்கிறார்கள், சுவரில் அடித்து உடைத்தும் இருக்கிறார்கள். ஒருமுறை உட்காருவதற்காக நாற்காலியைச் சட்டென்று இழுத்தேன். எதிரே இருந்த பையனின் இரண்டு கைகளும் தானாக எழுந்து தலையை மூடிக்கொண்டன. போனில் என்ன இருந்தது என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று கேளுங்கள்.

வடக்குவாசல்:
நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை அம்மா. எனக்கு இரண்டு பையன்கள். ராத்திரி பத்து மணிக்கு இருவர் போனும் என் மேசைக்கு வந்தாக வேண்டும். யாரோடு பேசினான், எந்தக் குழுவில் இருக்கிறான், எந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான், எல்லாம் பார்ப்பேன். இதுவரை என் பையன்களைப் பற்றி எந்தப் புகாரும் வந்ததில்லை.

ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. தெற்கு லண்டனில் 411 பையன்களை 1961-லிருந்து, அவர்களின் எட்டு வயது தொடங்கி, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வு என்பார்கள். பெற்றோரின் கண்காணிப்பு குறைவாக இருந்த பையன்கள் பிற்பாடு அதிகமாகக் குற்றத்தில் சிக்கினார்கள். கண்காணிப்பு! நான் சொன்னது அதைத்தானே?

முள்வேலி:
1961-ல் எட்டு வயதுப் பையனிடம் எந்தப் போன் இருந்தது சார்?

வடக்குவாசல்:
அன்றைக்குத் தெரு இருந்தது. பையன் யாரோடு சுற்றுகிறான் என்று திண்ணையில் உட்கார்ந்தே அப்பாவால் பார்க்க முடிந்தது. இன்றைக்கு அந்தச் சகவாசம் முழுக்கப் போனுக்குள் இருக்கிறது. இதுகூடப் புரியாதவர்களோடு பேச எனக்கு நேரமில்லை.

நடைவண்டி:
ஆய்வைப் பாதி படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதே ஆய்வு சொன்ன காரணங்களில் பிள்ளையைக் கடுமையாகத் தண்டிப்பது இருக்கிறது, அப்பா அம்மா சண்டை இருக்கிறது, பெற்றவர்களே நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருப்பது இருக்கிறது. கண்காணிப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எங்கே விட்டீர்கள்?

இன்னொன்று. ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் செய்த ஆய்வு 2000-ல் வந்தது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, துருவித் துருவிக் கேட்டு வந்ததல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னது என்று அதில் தெரிந்தது. தப்பு வழியில் போகாமல் இருப்பதோடு அதிகம் ஒட்டி நின்றதும் அந்தத் தானாகச் சொல்வதுதான். உங்கள் பையன் உங்களிடம் தானாக என்ன சொல்கிறான்?

வடக்குவாசல்:
என் பையன் என்ன சொல்கிறான் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். என் கேள்வி ஒன்றுதான். போனைப் பார்த்திருந்தால் அந்தப் பையன் கத்தி வாங்கியது தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா?

நிழல்குடை:
தெரிந்திருக்காது. நான் போன் பார்க்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவன். அப்பாவுக்குக் காட்ட ஒரு கணக்கு, எனக்கென்று ஒரு கணக்கு. அப்பாவின் கணக்கில் கிரிக்கெட்டும் பாடக்குறிப்பும் மட்டும் இருக்கும். என்னைப் பள்ளியில் நான்கு பேர் கழிப்பறைக்குள் வைத்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பா தினமும் ராத்திரி அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "நல்ல பையன்" என்று போனைத் திருப்பிக் கொடுப்பார். சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பழிவாங்க என்னவெல்லாம் யோசித்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

வடக்குவாசல்:
உங்கள் அப்பாவுக்குப் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்வது? இரண்டாவது கணக்கு இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது.

நிழல்குடை:
இறந்துபோன என் அப்பாவுக்கு என்ன தெரியும் தெரியாது என்று நீங்கள் சான்றிதழ் தர வேண்டாம் சார். வரம்போடு பேசுங்கள்.

ஈரமண்:
இதில் என்னை உறுத்துவது வேறு. பையன் தப்புச் செய்தால் "பெற்றவர்கள்" என்று ஆரம்பித்து, கடைசியில் "அம்மா வளர்த்த வளர்ப்பு" என்று முடிப்பார்கள். வடக்குவாசல் சாருக்குப் பத்து மணிக்குப் போன் பார்ப்பது மட்டும்தான் வேலை. அதற்கு முன்னால் அந்தப் பையன் சாப்பிட்டானா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று பார்ப்பது யார்? அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் பள்ளி நாட்களில் சிறார் வன்முறை உச்சத்துக்குப் போவது பள்ளி விட்ட கையோடு, மாலை மூன்று நான்கு மணி வாக்கில். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

வடக்குவாசல்:
அலுவலகத்தில். சம்பாதிக்க வேண்டாமா? என் மனைவி வீட்டில் இருக்கிறார்.

ஈரமண்:
அதைத்தான் சொன்னேன்.

முள்வேலி:
பெற்றோருக்குத் தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடுகிறார்கள்? நான் ஆசிரியர். பையன் பையில் கட்டர் வைத்திருந்தான் என்று அப்பாவை வரச் சொன்னேன். வந்தவர் "யார் பையைத் திறக்கச் சொன்னது?" என்று என் மேசையில் ஓங்கி அடித்தார். பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வடக்குவாசல்:
முள்வேலி ஆசிரியர் என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. பள்ளியில் போனுக்கு முழுத் தடை வேண்டும் என்று போன வருடம் நான் இழை ஆரம்பித்தபோது முதல் ஆளாக வந்து எதிர்த்தவர் நீங்கள். இன்றைக்கு வந்து பெற்றோரைக் குறை சொல்கிறீர்கள்.

முள்வேலி:
நான் தடையை எதிர்க்கவில்லை. பறித்த போன்களுக்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்றீர்கள், அதை எதிர்த்தேன். பொய் சொல்லாதீர்கள்.

வடக்குவாசல்:
பழைய பதிவை எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

அது கிடக்கட்டும். அமெரிக்காவின் மிச்சிகன் வழக்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே? 2021 நவம்பரில் பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வாங்கியது அப்பா, சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு. 2024-ல் அப்பா, அம்மா இருவருக்கும் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு சிறை. பெற்றவர்கள் பொறுப்பு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. முந்தைய நாள் அந்தப் பையன் வகுப்பில் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்தான். போனில்!

நடைவண்டி:
அதே வழக்கை நானும் சொல்ல வந்தேன். போனில் தேடியதை ஆசிரியர் பார்த்தார், பள்ளி அம்மாவுக்குத் தகவலும் கொடுத்தது. அம்மா மகனுக்கு அனுப்பிய செய்தி என்ன தெரியுமா? எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்பது. மறுநாள் காலை அவன் வரைந்த படத்தைக் காட்டி இருவரையும் பள்ளிக்கு வரவழைத்தார்கள். துப்பாக்கி, ரத்தம், உதவி கேட்கும் வரிகள், எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. பார்த்துவிட்டும் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. போனில் இருந்தது தெரியாமல் நடந்த கொலையா இது? தெரிந்தும் "உனக்கு என்னடா ஆயிற்று?" என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லாமல் நடந்தது. வீட்டில் துப்பாக்கி பூட்டப்படாமல் இருந்தது.

வடக்குவாசல்:
ஆக, போனில் இருந்தது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

நடைவண்டி:
நான் எழுதியது தமிழில்தானே? இன்னொரு முறை படியுங்கள்.

ஈரமண்:
இவரிடம் எதைச் சொன்னாலும் போனிலேயே வந்து நிற்பார். உடல்ரீதியாக அடிப்பதும் கடிப்பதும் மனிதப் பிள்ளைக்கு இரண்டு மூன்று வயதில்தான் உச்சம் என்று கனடாவின் ரிச்சர்ட் டிராம்ப்ளே பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகள் அதைவிட்டு மெல்ல வெளியே வருகிறார்கள், கோபத்தை வார்த்தையில் சொல்லப் பழகுகிறார்கள். பெற்றோரின் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. இரண்டு வயதில் யார் கையில் போன்?

வடக்குவாசல்:
இன்றைக்கு இரண்டு வயதிலும் போன் கையில்தான் இருக்கிறது அம்மா. கொடுப்பது யார் என்று சொன்னால் மறுபடியும் அம்மாக்களைக் குறை சொல்கிறேன் என்பீர்கள்.

ஈரமண்:
சொல்லிவிட்டீர்களே!

நிழல்குடை:
சார், ஒரே ஒரு விஷயம். உங்கள் பையன்களில் ஒருவனை வகுப்பில் யாராவது அடித்தால் முதலில் யாரிடம் சொல்வான்? அதை மட்டும் எழுதுங்கள்.

வடக்குவாசல்:
என் பையனை யாரும் அடிக்க மாட்டார்கள். அடித்தால் போனில் தெரிந்துவிடும். நான் கேட்டதற்குத்தான் இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பார்த்திருந்தால் நடந்திருக்குமா, நடந்திருக்காதா?

முள்வேலி:
போன வருடத்துப் பதிவு கிடைத்துவிட்டது. "பறித்த போன் தொலைந்தால் ஆசிரியர் சம்பளத்தில் பிடிக்க வேண்டும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் வடக்குவாசல். இப்போது சொல்லுங்கள், பொய் சொன்னது யார்?

வடக்குவாசல்:
அதில் இப்போதும் மாற்றமில்லை. பிடிக்கத்தான் வேண்டும்.